குறைந்த செலவில் துளைத் தகட்டு சீலிங்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடிக்கு மேல் டிரஸ் ஷீட் (இரும்புச் சட்டத்தின்மேல் தகட்டுக் கூரை) போட்டவர்கள், புதிதாகக் கடை திறப்பவர்கள், ஆலயத்துக்குச் சமூகக்கூடம் கட்டுபவர்கள் எனப் பலரும் இப்போது சீலிங்குக்குத் துளையிட்ட உலோகத் தகட்டைத் தேடுகிறார்கள். கடைகளில் இதைப் பெர்ஃபரேட்டட் ஷீட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். இரும்பு, அலுமினியம் இரண்டின் விலையும் அடிக்கடி ஏறி இறங்குவதால் விலைப்பட்டியல் எதையும் இங்கே தரவில்லை. சொல்லப்படும் விலை நியாயமானதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழியையும், பணம் எந்தெந்த இடத்தில் வீணாகிறது என்பதையும் எழுதியிருக்கிறேன்.

ஜிப்சம் சீலிங் மலிவாகக் கிடைக்கும்போது தகடு எதற்கு?

ஒழுகாத கான்கிரீட் தளத்தின் கீழ், நான்கு பக்கமும் மூடிய அறை என்றால் தகடு தேவையில்லை. ஜிப்சமே போதும். மிச்சமாகும் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் மாவட்டம் தென்மேற்குப் பருவமழையிலும் நனைகிறது, வடகிழக்குப் பருவமழையிலும் நனைகிறது. ஓட்டுக் கூரை, டிரஸ் ஷீட், திறந்த வராந்தா ஆகியவற்றின் கீழ் ஜிப்சம் பலகை ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும். பூஞ்சை படரும். ஒரே ஒரு ஒழுகல் போதும், பலகையையே மாற்ற வேண்டி வரும். தகட்டை அதே நிலையில் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டலாம். துளை வழியாகக் காற்று போய் வருவதால் மேலே தேங்கும் ஈரமும் சீக்கிரம் உலர்ந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே வரவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரின் ஈரத்துக்கு மூடிய கூரையைவிட மூச்சு விடும் கூரை நல்லது என்பதை நம் ஆசாரிகள் அன்றே அறிந்திருந்தார்கள்.

செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பெரும்பாலானோர் முதலில் இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்துப் பிடித்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே துளை, அதே அளவு வேண்டும் என்று கடை கடையாக அலைகிறார்கள். செலவு ஏறுவதற்கு இதுதான் முதல் காரணம். துளைத் தகட்டை ஆலையில் பிரஸ் என்னும் அழுத்து இயந்திரத்தில் கொடுத்து அடிக்கிறார்கள். வழக்கமாக ஓடும் துளை அளவுக்கு அச்சு ஏற்கெனவே இருக்கும், தகடும் இருப்பில் அடுக்கியிருக்கும். நீங்கள் புதிதாக ஒரு வடிவம் கேட்டால், அச்சுச் செலவையும் இயந்திரத்தை மாற்றிப் பொருத்தும் நேரத்தையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். பத்திருபது தகடு வாங்குபவருக்கு அந்தச் சுமை மிகப் பெரியது.

ஆகவே கடையில் இன்று எந்தத் துளை, எந்தக் கனம், எந்த நீள அகலம் இருப்பில் இருக்கிறது என்று முதலில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடித் தகடு இருக்கும். சில இடங்களில் 2500க்கு 1250 மி.மீ. கிடைக்கும். அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு சீலிங்கின் கட்டங்களை வரையுங்கள். எத்தனை பேரம் பேசினாலும் இந்த ஒரு வேலையால் மிச்சமாகும் அளவுக்குக் குறையாது. உறுதியாகச் சொல்கிறேன்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பிட்ச் என்றால் என்ன?

ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை உள்ள தூரம்தான் பிட்ச். துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று சாய்வாக, முக்கோண வரிசையில் இருக்கும் தகடுதான் அதிகம் கிடைக்கிறது. அதில் எத்தனை சதவீதம் திறப்பு என்று அறிய எளிய கணக்கு உண்டு. துளை விட்டத்தைப் பிட்ச்சால் வகுங்கள், வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள், பிறகு 90.7ஆல் பெருக்குங்கள். 3 மி.மீ. துளை, 5 மி.மீ. பிட்ச் என்றால் 0.6 x 0.6 x 90.7, அதாவது ஏறத்தாழ 33 சதவீதம். 2 மி.மீ. துளை, 4 மி.மீ. பிட்ச் என்றால் 23 சதவீதம். துளைகள் நேர்வரிசையில் இருந்தால் 90.7க்குப் பதில் 78.5ஆல் பெருக்க வேண்டும்.

வீட்டுக்கும் கடைக்கும் 3 மி.மீ. துளை, 5 மி.மீ. பிட்ச் நன்றாகவே இருக்கும். திறப்பு கூடக் கூடத் தகடு வலுவிழக்கும், அலை அலையாக வளையும். 40 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. துளை விட்டம் தகட்டின் கனத்தைவிடச் சிறியதாக இருக்கும்படி கேட்காதீர்கள். பஞ்ச் ஊசி ஒடியும் என்பதால் அடிப்பவர்கள் கூடுதலாகக் கேட்பார்கள், அல்லது மறுத்துவிடுவார்கள்.

எங்கள் வீடு கடற்கரையில். ஜி.ஐ. போதுமா, அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா (எஸ்.எஸ்.)?

குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஜி.ஐ. என்பது இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு. பூசிய தகட்டில் பிறகு துளையடிக்கும்போது, ஒவ்வொரு துளையின் உள்விளிம்பிலும் வெறும் இரும்பு வெளியே தெரியும். உள்நாட்டில் பக்கத்திலுள்ள துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு அந்த விளிம்பைக் காப்பாற்றும். உப்புக் காற்றில் அந்தத் துத்தநாகம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட தகட்டைக் கடலோர வராந்தாவில் அண்ணாந்து பாருங்கள். முதலில் துளையின் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி தோன்றும். அது வெள்ளைப் பூச்சின் அடியில் ஊர்ந்து பக்கத்துத் துளையைத் தொடும். அதன்மேல் விரலை வைத்து அழுத்தினால் பூச்சு செதிலாக உதிரும். மழைக்காலத்தில் அந்தப் பழுப்பு நீர் தரையில் சொட்டிக் கறையாகும்.

அதனால் கடலோரத்தில் அலுமினியம் வாங்குங்கள். கிலோ விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். 8க்கு 4 அடி, 1 மி.மீ. கனம், துளையில்லாத இரும்புத் தகடு 23.4 கிலோ, அலுமினியம் 8 கிலோ. சதுர அடிக்கு எவ்வளவு என்று இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாகவே வரும். தாங்கும் சட்டத்தையும் இலகுவாகச் செய்யலாம். கிடைத்தால் 5052 ரகம் கேளுங்கள், அது கடல் காற்றைத் தாங்குவதற்குப் பெயர்பெற்றது. இல்லையென்றால் 3003 போதும்.

ஒரு எச்சரிக்கை: அலுமினியத்தை வெறும் இரும்புச் சட்டத்தில் நேராக முடுக்கினால், ஈரமும் உப்பும் சேர்ந்து இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியத்தை அரிக்கும். நடுவே நைலான் வாஷர் அல்லது ரப்பர் பட்டை வைத்து எஸ்.எஸ். திருகால் முடுக்குங்கள். பச்சைச் சிமென்ட் கலவையும் அலுமினியத்தில் படக் கூடாது. பூச்சு வேலை முழுதாக முடிந்த பிறகே தகட்டை ஏற்றுங்கள்.

எஸ்.எஸ். வாங்குவதானால் 316 ரகம்தான் கடலோரத்துக்கு. விலை அதிகம் என்பதால் சீலிங்குக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 202 ரகத்தை 304 என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஸ்.எஸ். என்று நம்பிவிடாதீர்கள், 202இலும் ஒட்டாது. ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்.

மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கம் கடல் தள்ளி இருப்பதால் ஜி.ஐ. தாராளமாகப் போடலாம். துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று மட்டும் கேளுங்கள். 120 என்பது சாதாரணம், 275 கிடைத்தால் நல்லது.

எங்கே வாங்கலாம்?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள இரும்பு, ஹார்டுவேர் கடைகளில் கொஞ்சம் இருப்பு இருக்கும். பெரும்பாலும் வழக்கமான ஒன்றிரண்டு துளை அளவுகள்தான். நான்கைந்து தகடு போதும் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வரவழைக்கும் லாரி வாடகை, மிச்சமாகும் காசை விழுங்கிவிடும். கோணம் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள பட்டறைகளிலும் விசாரிக்கலாம். வேறு வேலைக்கு வரவழைத்ததில் மீந்த தகடுகள் சில சமயம் அவர்களிடம் கிடக்கும்.

இருபது தகட்டுக்கு மேல் என்றால் திருவனந்தபுரம், மதுரை, கோயம்புத்தூர் என்று கேட்டுப் பாருங்கள். சென்னையில் பாரிமுனையை ஒட்டிய செம்புதாஸ் தெருவும், மும்பையில் நாக்தேவி தெருவும் இந்தச் சரக்குக்குத் தெரிந்த சந்தைகள். இந்தியாமார்ட் இணையதளத்தில் விற்பவர்கள் பட்டியல் நீளமாக வரும். அதில் பலர் இடைத்தரகர்கள் என்பதால் பிரஸ் அவர்களுடையதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். மாதிரித் துண்டு ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். உள்ளங்கை அளவு துண்டு அனுப்பவே தயங்குபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வழியாக எடுத்து வருவது தூரத்தில் லாபம். மாநில எல்லையைக் கடப்பதால் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். அதை விற்பவரே போட்டுத் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் இரு மாநிலத்திலும் ஒன்றுதான். வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று கேட்காமல் இரண்டு விலைகளை ஒப்பிடாதீர்கள்.

கிலோ விலை சொல்கிறார்கள். சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, எடை துளைக்கு முன்பா, பின்பா? 33 சதவீதத் திறப்பு என்றால் 23.4 கிலோத் தகடு துளையடித்த பின் 15.7 கிலோ ஆகிவிடும். ஆலைக்காரர் முழுத் தகட்டை வாங்கித்தான் அடிக்கிறார், ஆகவே முழு எடைக்கு விலை போடுவது தவறாகாது. ஆனால் ஒருவர் முழு எடைக்கும் இன்னொருவர் துளையடித்த எடைக்கும் சொன்னால், இரண்டையும் ஒப்பிடவே முடியாது. கடைசியில் ஒரு தகடு எவ்வளவு, சதுர அடிக்கு எவ்வளவு என்று எல்லோரிடமும் ஒரே முறையில் வாங்குங்கள்.

இரண்டாவது, கனம் எத்தனை மி.மீ.? கேஜில் சொன்னால் ஏற்காதீர்கள். 20 கேஜ் என்பது 0.9 மி.மீ., 22 கேஜ் என்பது 0.7 மி.மீ. வாய்ப்பேச்சில் 20 என்று சொல்லி 22 கேஜ் தகட்டை ஏற்றி அனுப்பினால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இரும்பு குறைந்துவிடும். பில்லில் மி.மீ. கணக்கில் எழுதச் சொல்லுங்கள். லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் மைக்ரோமீட்டர் இருக்கும், ஒரு தகட்டின் ஓரத்தை அளந்து பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் போதும்.

சீலிங்குக்கு அலுமினியம் 1 மி.மீ., இரும்பு 0.8 மி.மீ. போதும். அதற்கு மேல் கனம் கேட்பது வீண் செலவு.

எத்தனை தகடு வாங்க வேண்டும்?

ஒரு 8க்கு 4 தகடு 32 சதுர அடி என்பதால், பரப்பை 32ஆல் வகுத்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். 20க்கு 30 அடிக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர அடி, 32ஆல் வகுத்தால் 18.75. தகட்டின் 8 அடிப் பக்கத்தை 30 அடி நீளத்தின் திசையில் வைத்தால் ஒரு வரிசைக்கு நான்கு தகடு, ஐந்து வரிசை, மொத்தம் 20. நான்காவது தகட்டில் ஒவ்வொரு முறையும் 2 அடித் துண்டு மிஞ்சும். 8 அடிப் பக்கத்தை 20 அடியின் திசையில் திருப்பி வைத்தால் இரண்டு முழுத் தகடும் ஒரு பாதியும் ஒரு வரிசைக்குப் போதும். பாதியை வெட்டினால் மீதிப் பாதி அடுத்த வரிசைக்கு உதவும். கடைசி 2 அடி வரிசையையும் அதேபோல் பிளந்து போட்டால் 19 தகட்டில் வேலை முடியும். திசையைத் திருப்பியதில் ஒரு தகடு மிச்சம். பெரிய கூடம் என்றால் இந்த வித்தியாசம் இன்னும் பெருகும்.

வெட்டும் கோடு துளைகள் நடுவே போனால் ஓரம் ரம்பப் பல்லாக நிற்கும், கையைக் கிழிக்கும். அந்த ஓரத்தை மூட எல் அல்லது யு வடிவப் பட்டை வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பக்கத்து லேசர் வெட்டும் பட்டறையிலேயே துளை போட்டுக்கொண்டால் என்ன?

சிறு துளைகளுக்கு வேண்டாம். 3 மி.மீ. துளை, 5 மி.மீ. பிட்ச் என்றால் ஒரு 8க்கு 4 தகட்டில் 1,37,000 துளைகளுக்கு மேல் வரும். லேசர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குத்தி வெட்ட வேண்டும். நொடிக்கு இரண்டு துளை போட்டாலும் ஒரு தகட்டுக்கு 19 மணி நேரம். பிரஸ்ஸோ ஒரே அடியில் ஒரு வரிசையை முடித்துவிடுகிறது.

ஆனால் பெரிய துளை, பூ வேலைப்பாடு, குறைந்த எண்ணிக்கை என்றால் லேசர் நல்லது. 20 மி.மீ. துளை, 60 மி.மீ. பிட்ச் என்றால் தகட்டுக்கு ஆயிரத்துக்குள்தான் வரும். கூடத்தின் நடுவில் மட்டும் ஒரு வேலைப்பாட்டுத் தகடு, சுற்றிலும் இருப்பில் உள்ள சாதாரணத் தகடு என்று கலந்து போடுவது அழகாகவும் இருக்கும், கைக்கும் அடங்கும்.

ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) பழைய தகடு கிடைக்குமா?

கிடைக்கும், பார்த்து வாங்கினால் நல்ல லாபம். வாஷர் போன்றவற்றை அடித்து எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டைத் தகடுகள் பழைய இரும்பு விலைக்குக் கிடைப்பதுண்டு. தோட்டத்துப் பந்தலுக்கும் கடை முகப்புக்கும் அவை எடுப்பாக இருக்கும். ஓரங்கள் மிகக் கூர்மையானவை, துளைகளின் நடுவே உள்ள பட்டையும் மெல்லியது. குழந்தைகளின் தலைக்கு மேல் தொங்கும் இடத்தில் நன்றாகச் சட்டமிட்டு அடைக்காமல் போடாதீர்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. அலுவலகங்கள் இடம் மாறும்போது 2க்கு 2 அடி உலோகச் சீலிங் பலகைகளைக் கழற்றுவார்கள். உள் அலங்கார ஒப்பந்தக்காரர்களிடம், குறிப்பாகத் திருவனந்தபுரத்தில், சொல்லி வையுங்கள். பலகையோடு அதன் டி வடிவச் சட்டங்களையும் சேர்த்து வாங்குங்கள். சட்டம் வேறு, பலகை வேறு என்றால் கொக்கியும் விளிம்பும் பொருந்தாமல் போகும். சிறு அறைகளுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

துளைத் தகட்டைவிடக் குறைந்த விலையில் வேறு ஏதாவது?

எக்ஸ்பாண்டட் மெட்டல் பாருங்கள். தகட்டைக் கீறி இழுத்துச் சாய்சதுர வலையாக ஆக்குகிறார்கள். துளையாக உதிரும் கழிவே இல்லாததால் ஒரே பரப்புக்குக் குறைந்த உலோகம் போதும். தட்டையாக்கிய ரகம் சீலிங்குக்கு ஏற்றது. காற்றோட்டம் மட்டும் போதும், அழகு இரண்டாம் பட்சம் என்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கூடத்தில் எதிரொலி, மழைச் சத்தம். தகடு போட்டால் குறையுமா?

வெறும் தகடு போட்டால் குறையாது. உலோகம் ஒலியை உறிஞ்சுவதில்லை. ஒலி துளை வழியாக உள்ளே போய் மேலே வைத்திருக்கும் கண்ணாடிக் கம்பளியில் அடங்க வேண்டும். அதனால் தகட்டின் பின்பக்கம் கறுப்பு நெய்யாத துணி ஒட்டி, அதன்மேல் 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளியோ ராக் வூலோ விரிக்க வேண்டும். துணி இருந்தால் தூசும் இழையும் கீழே உதிராது. தகட்டுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் கனமான, தாழ்ந்த ஒலியும் அடங்கும். பிரசங்கமும் பாட்டும் தெளிவாகக் கேட்க வேண்டிய சமூகக்கூடத்தில் இந்தச் செலவை மட்டும் குறைக்காதீர்கள். வண்ணத்தில் குறையுங்கள், வேலைப்பாட்டில் குறையுங்கள், கம்பளியில் வேண்டாம்.

மலிவு என்று தெர்மோகோலை மேலே அடுக்குவதைப் பார்க்கிறேன். ஒலிக்கு அது பயன்படாது. மின்கசிவில் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கறும்புகை கக்கும். மக்கள் கூடும் இடத்தில் தயவுசெய்து வேண்டாம்.

பெயின்ட்டா, பவுடர் கோட்டிங்கா?

துளையடித்த பிறகு பவுடர் கோட்டிங், அதாவது வண்ணத் தூளைப் பூசி அடுப்பில் சுடுவது. வரிசை மாறக் கூடாது. வண்ணத் தகட்டில் துளையடித்தால் விளிம்புகள் வெறுமையாக நிற்கும். வராந்தாவுக்குப் பாலியெஸ்டர் பவுடர் கேளுங்கள். எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகிச் சுண்ணாம்பாக உதிரும். தகட்டைக் கொடுப்பதற்கு முன் கோட்டிங் செய்பவர்களுடைய அடுப்பில் 8 அடித் தகடு நுழையுமா என்று கேளுங்கள்.

புது ஜி.ஐ.மேல் நேராக எனாமல் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும். எட்ச் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகே பெயின்ட்.

ஆரல்வாய்மொழிக் காற்றுக்குத் தாங்குமா?

முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. அந்தக் கணவாய்ப் பகுதியில் திறந்த வராந்தாவுக்குச் சட்டத்தில் சும்மா வைக்கும் 2க்கு 2 பலகை வேண்டவே வேண்டாம், காற்று கீழிருந்து தூக்கிவிடும். இரும்புக் குழாய்ச் சட்டத்தை 2 அடிக்கு ஒன்றாகப் போட்டு, தகட்டின் ஓரத்திலும் நடுவிலும் திருகால் முடுக்குங்கள். தளர்வாக விட்டால் இரவெல்லாம் தகடு அதிர்ந்து சத்தமிடும்.

மின்விசிறி, விளக்கு?

விசிறியின் எடை தகட்டில் இறங்கவே கூடாது. மேல்தளத்துக் கொக்கியிலிருந்து தனியாக இறக்குங்கள். கம்பிகள் எல்லாம் குழாய்க்குள் போக வேண்டும், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். உலோகச் சீலிங்குக்கு எர்த் இணைப்புக் கொடுக்காமல் எலெக்ட்ரீஷியனை அனுப்பாதீர்கள்.

எலியும் மரநாயும் ஏறுகின்றன. தகடு தடுக்குமா?

துளை 5 மி.மீ.க்குள் இருந்தால் சுண்டெலிகூட நுழையாது. ஆனால் அவை துளை வழியாக வருவதில்லை, சுவரோரத்து இடைவெளி வழியாக வருகின்றன. அதை அடைப்பதில்தான் கவனம் வேண்டும். தென்னங்கீற்று கூரையைத் தொட்டால் வெட்டிவிடுங்கள்.

சரக்கு வந்து இறங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

லாரியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு பேச்சு எடுபடாது. நான்கு மூலையும் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தகட்டைத் தரையில் படுக்கப் போட்டால் நடுவில் உப்பாமல் கிடக்க வேண்டும். உப்பியிருந்தால், துளையடித்த பிறகு ரோலரில் விட்டுச் சமன் செய்யவில்லை என்று பொருள். பிறகு உள்ளங்கையை இருபுறமும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பஞ்ச் இறங்கிய பக்கம் வழவழப்பாக இருக்கும், வெளியேறிய பக்கத்தில் பிசிறு தட்டுப்படும். லேசான சொரசொரப்பு இயல்பு. தோலில் குத்தினால் திருப்பி அனுப்புங்கள். மாட்டும்போது வழவழப்பான பக்கம் கீழே தெரிய வேண்டும். இதை வெல்டரிடம் முன்பே சொல்லி, ஒவ்வொரு தகட்டின் பிசிறுப் பக்கத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.